சீனாக் கொம்பனியிலை என்ரை தம்பி

எங்கடை வீட்டிலை உலக அரசியல் இவற்றை இலாகா. சமையல், வரி, டொக்டரிட்டைப் போறது, முந்திப் பிள்ளையின்ரை பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் என்ரை தலையிலை. அமெரிக்காவும் சீனாவும் இவற்றை தலையிலை. இவர் எண்டால் என்ரை மனுசன். ஒஸ்லோவிலை ட்ராம் ஓட்டுறவர். பகல் முழுக்கத் தண்டவாளத்திலை நேராய்ப் போறதாலையோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் கதை மட்டும் நேராய்ப் போகாது. சப்பாத்தைக் கழட்ட முன்னமே ரெலிவிசனைப் போட்டிடுவார்.

"பழைய சண்டியனுக்கு வயது போட்டுது. புதுச் சண்டியனுக்கு மீசை முளைச்சிட்டுது. இனித்தான் இருக்கு விளையாட்டு, பாரும்" எண்டுவார். பழைய சண்டியன் அமெரிக்கா, புதுச் சண்டியன் சீனா. ஒருத்தன் மற்றவன்ரை சாமானுக்கு வரி போட்டான் எண்டு செய்தி வந்தால் கை தட்டுவார். மற்றவன் திருப்பிப் போட்டாலும் கை தட்டுவார். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் எண்டுறது இவருக்காகவே சொல்லிவைச்சது. "நீங்கள் ஆற்றை பக்கம்?" எண்டு கேட்டால், "ரெண்டு பேருக்கும் நல்லாய் விழ வேணும்" எண்டுவார். அதிலை நியாயம் இல்லாமலும் இல்லை. ஊரிலை நடந்த எங்கடை கடைசிச் சண்டையிலை புதுச் சண்டியன் அரசாங்கத்துக்கு ஆயுதம் குடுத்தவன், பழையவன் கவலைப்படுறம் எண்டு அறிக்கை விட்டவன். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை. அதனாலை நானும் இவரை ஒண்டும் சொல்லுறதில்லை. சத்தத்தைக் குறையுங்கோ எண்டு மட்டும் சொல்லுவன்.

நான் வயது போன ஆக்களின்ரை இல்லம் ஒண்டிலை சமையலறையிலை வேலை செய்யிறன். விடியவே எழும்பிப் போய், அவைக்குப் பாணும் கஞ்சியும் செய்து வைச்சு, உருளைக்கிழங்கு அவிச்சு, பாத்திரம் கழுவிப்போட்டு வாற எனக்கு அந்தச் சண்டை ரெலிவிசனுக்குள்ளை நடக்கிற ஒரு விசயம். அது என்ரை வீட்டுக்குள்ளை வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கும் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை.

எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை. மகள். அஞ்சாம் நம்பர் ட்ரெயின் முடியிற இடத்திலை, வெஸ்ட்லியிலை, இந்த மாடி வீட்டிலைதான் வளந்தவள். துரொண்ட்ஹெய்முக்குப் போய்ப் படிச்சவள். என்ன படிப்பு எண்டு ஆரும் கேட்டால் "எஞ்சினியர்" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவன். உண்மையிலை அவள் படிச்சது கடலுக்கடியிலை வாற சத்தத்தைக் கேக்கிற கருவியளைப் பற்றி. படிப்பு முடிய ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, அப்பிடியான கருவி செய்யிற ஒரு கொம்பனியிலை சேந்தாள். இப்ப நகரத்துக்குள்ளை ஒரு சின்ன வீட்டிலை தனிய இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவாள்.

"உந்தக் கருவியை ஆர் வாங்கினம்?" எண்டு ஒருக்கால் கேட்டன்.

"மீன் பிடிக்கிறவையும் வாங்கினம் அம்மா."

"வேறை ஆர்?"

"அம்மா, மீன் பிடிக்கிறவையும் வாங்கினம்."

அதோடை நான் விட்டிட்டன். பிள்ளை சொல்ல மாட்டாள் எண்டால் சொல்ல மாட்டாள். அது என்னட்டை இருந்து வந்த குணமில்லை, இவரிட்டை இருந்து வந்ததுமில்லை.

போன வருசம் அவளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. அமெரிக்காவோடை சேந்து அவளின்ரை கொம்பனி செய்யப்போற ஒரு புது வேலை. அதுக்கு இவள்தான் வேணும் எண்டு அவளின்ரை ஷெஃப் ஒற்றைக் காலிலை நிண்டவ. ஷெஃப் எண்டால் இஞ்சை மேலதிகாரி. அவ ஒரு நோர்வே மனுசி, அம்பது வயசிருக்கும், இவளிலை நல்ல பட்சம். ஆனால் அந்த வேலைக்கு அரசாங்கம் ஆளைத் துருவிப் பாத்து, "இவரை நம்பலாம்" எண்டு ஒரு அனுமதி குடுக்க வேணும். கிளாரேரிங் எண்டு இஞ்சை சொல்லுறவை. மகளிட்டைச் சாதாரண அனுமதி ஒண்டு இருந்தது. இதுக்கு அதைவிடப் பெரிசு வேணுமாம்.

"எங்கடை ஆக்கள் கலியாணத்துக்கு விசாரிக்கிற மாதிரித்தான் அம்மா" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாள். "ஆற்றை பிள்ளை, சொந்தக்காரர் எங்கை எங்கை இருக்கினம், ஆர் ஆரோடை போக்குவரத்து எல்லாம் கேப்பினம்."

"சீதனம் கேக்கேல்லையோ?"

"போங்கோ அம்மா."

"சரி, கிடைக்காட்டி என்ன செய்வாய்?" எண்டு கேட்டன். அப்பத்தான் சிரிப்பு நிண்டது. "இந்தத் தொழிலிலை ஒரு இடத்திலை இல்லை எண்டு சொன்னால், பிறகு எல்லா இடத்திலையும் இல்லைதான். நான் இவ்வளவு காலமும் படிச்சது இதுக்குத்தான் அம்மா" எண்டாள். நான் அவளின்ரை கோப்பையிலை இன்னும் கொஞ்சம் சோறு போட்டன். வேறை என்ன செய்யிறது.

சொந்தக்காரரிலை அரசாங்கத்து ஆக்கள் துருவித் துருவிக் கேட்டது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். என்ரை தம்பி.

எனக்கு மிஞ்சின ஒரே கூடப்பிறப்பு அவன். சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து வெளியிலை வந்தவனுக்கு ஊரிலை ஒரு வேலையும் இல்லை. கொழும்புக்குப் போனான். போன இடமெல்லாம் அடையாள அட்டையை வாங்கிப் பாப்பினமாம். எந்த ஊர், சண்டைக்குள்ளை எங்கை நிண்டனீர், முகாமிலை எவ்வளவு காலம் எண்டு கேப்பினமாம். பிறகு, சொல்லி அனுப்புறம் எண்டு அனுப்பிவிடுவினமாம். ஒருநாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு சீனாக் கொம்பனி ஆள் எடுக்குது எண்டு கேள்விப்பட்டு வரிசையிலை போய் நிண்டிருக்கிறான். மேற்பார்வைக்கு நிண்ட சீனாக்காரர் இவன்ரை ரெண்டு கையையும் பிடிச்சுப் பிரட்டிப் பாத்தாராம், நாளைக்கு வா எண்டு சைகை காட்டினாராம். அவ்வளவுதான். அண்டு தொடக்கம் ஸ்ரோரிலை சாமான் எடுத்துக் குடுக்கிற வேலை. "அக்கா, நீ எங்கை நிண்டனீ எண்டு என்னைக் கேக்காத ஒரே ஆள் இந்தச் சீனன்தான்" எண்டு எனக்கு ரெலிபோனிலை சொன்னவன். சொல்லேக்கை குரல் உடைஞ்சது. நானும் இஞ்சாலை அழுதனான். அந்த வேலையை வைச்சுத்தான் பிறகு கலியாணம் கட்டினான், ரெண்டு பிள்ளையளைப் பெத்தான், மனுசனாய் நிமிந்தான்.

அவனை நான் நேரிலை கண்டது சமாதான காலத்திலை. மகள் பள்ளிக்கூடம் தொடங்கேக்கை ஊருக்குப் போனனாங்கள். அவளைத் தோளிலை தூக்கி வைச்சுக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டித் திரிஞ்சவன். அதுக்குப் பிறகு போக வாய்க்கேல்லை. முதல் சண்டை, பிறகு பயம், பிறகு வேலை, பிறகு அதுவே பழகிப்போச்சு. இந்தக் கோடைக்கு அவன் இஞ்சை வாறதாய் முடிவாச்சு. விசாவும் கிடைச்சிட்டுது. மகளின்ரை பழைய அறையிலை கட்டிலை மாத்திப் போட்டு, புதுப் படுக்கை விரிப்பு வாங்கி, அதைத் தோய்ச்சு மடிச்சும் வைச்சிட்டன்.

மகள் எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தாள். மாமா சீனாக் கொம்பனியிலை ஸ்ரோரிலை வேலை. தன்னோடை கதைக்கிறது பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும். ஒருக்கால் வேலை பழக்க எண்டு கொஞ்சப் பேரோடை சேத்துச் சீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவை. கோடையிலை அம்மாவோடை வந்து நிக்கப் போறார். அவை கேட்டு எழுதிக்கொண்டு, நல்லது எண்டு சொன்னவையாம். பெரிய பிரச்சினை இல்லை எண்டுதான் அவளுக்குப் பட்டது.

அதுக்குள்ளை வந்தது இவற்றை அறுபதாவது பிறந்தநாள். மண்டபம் எடுத்துச் செய்ய வேணும் எண்டு ஒரே நிலை. "அறுபது ஒருக்கால்தான் வரும்" எண்டார். "அம்பத்தொம்பதும் ஒருக்கால்தான் வந்தது" எண்டன். ஆர் கேக்கினம். நூற்றைம்பது பேருக்குச் சொல்லியாச்சு. மகளும் தன்ரை ஷெஃப்புக்குச் சொன்னாள்.

இஞ்சைதான் எங்கடை ஆக்கள் மட்டும் விடக்கூடிய பிழை ஒண்டு நடந்தது. அழைப்பிலை பின்னேரம் அஞ்சு மணி எண்டு போட்டனாங்கள். அஞ்சு எண்டு போட்டால்தான் ஏழுக்கு வருவினம் எண்டது எங்கடை பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஷெஃப்புக்குத் தெரியுமோ? மனுசி அஞ்சு அடிக்க பூங்கொத்தோடை வாசலிலை நிக்குது. மகள் சிநேகிதி வீட்டிலை சீலை உடுத்துக்கொண்டு நிக்கிறாள். இவர் ஏணியிலை நிண்டு பலூன் கட்டுறார், மேலுக்குப் பெனியனோடை. நான் பின்னாலை சமையலறையிலை ரோல்ஸ் பொரிக்கிறன். மண்டபத்திலை வேறை ஒரு குருவி இல்லை.

இவர் அடிச்சுப் பிடிச்சு இறங்கிச் சேட்டைப் போட்டு, கோட்டைப் போட்டு, மனுசியை முன் மேசையிலை இருத்தினார். விருந்துக்கு வந்தவை கதைக்க ஆளில்லாமல் இருந்தால் எங்கடை ஆக்களுக்கு அது மானக்கேடு. எப்பிடியும் கதைக்க வேணும். இவற்றை நோர்வேஜிய பாஷை நல்ல பாஷைதான், ட்ராமிலை ஆக்களோடை கதைச்சுக் கதைச்சுப் பழகினது. ஆனால் ஒண்டரை மணித்தியாலத்துக்குக் காணாது. காலநிலை முடிஞ்சுது, ட்ராம் முடிஞ்சுது, சாப்பாடு முடிஞ்சுது. பிறகு குடும்பம் தொடங்கிச்சுது.

எங்கடை ஆக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு. வெளி ஆள் ஆரும் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதவி உயர்வு குடுக்கிறது. கிளாக்கர் மனேஜராவார், தாதி டொக்டராவார், கடையிலை நிக்கிறவர் கடைக்குச் சொந்தக்காரராவார். அதைப் பொய் எண்டு ஒருத்தரும் நினைக்கிறதில்லை. கேக்கிறவையும் எங்கடை ஆக்கள் எண்டால் அரைவாசியைக் கழிச்சுப்போட்டுத்தான் எடுப்பினம். ஷெஃப்புக்குக் கழிக்கத் தெரியாது.

"தூரத்திலை இருந்து சொந்தக்காரர் ஆரும் வாறினமோ?" எண்டு மனுசி மரியாதைக்குக் கேட்டது.

"எல்லாரும் வாறினம், என்ரை மச்சான் மட்டும் இல்லை" எண்டு தொடங்கினார். சமையலறை யன்னலாலை எனக்கு எல்லாம் கேக்குது. மச்சான் கொழும்பிலை சீனாக்காரரோடை பெரிய இடத்திலை இருக்கிறாராம். அவரைக் கேக்காமல் சீனாக்காரர் ஒரு ஆணியும் அடிக்க மாட்டினமாம். அடிக்கடி சீனாவுக்குப் போய்வாறவராம். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பாராம். மருமகளின்ரை வேலையிலை அவருக்குச் சரியான அக்கறையாம், என்ன செய்யிறாள், எப்பிடிப் போகுது எண்டு கேட்டபடியாம். கோடையிலை வந்து ஒரு மாசம் நிப்பாராம்.

உண்மையைச் சொல்லட்டோ? எனக்கு அப்ப உள்ளுக்குள்ளை குளிர்ந்துபோச்சு. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த மனுசன் என்ரை தம்பியைப் பற்றி ஒரு நல்ல சொல்லுச் சொன்னதில்லை. வீட்டிலை எண்டால் "உம்மடை தம்பி." வெளியிலை எண்டால் "என்ரை மச்சான்." அண்டைக்கு என்ரை தம்பியை அப்பிடித் தூக்கி வைச்சுக் கதைச்சதைக் கேட்டுச் சந்தோசத்திலை நாலு ரோல்ஸ் கருகிப்போச்சு. தட்டிலை நல்லதாய்ப் பாத்து எடுத்துக்கொண்டு போய் மனுசிக்குக் குடுத்தன். நல்லாய்ச் சாப்பிட்டது. போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு, நல்ல சாப்பாடு, நல்ல குடும்பம் எண்டு சொல்லிப்போட்டுப் போனது.

அடுத்த திங்கள் பின்னேரம் மகள் வந்தாள். திங்களிலை அவள் வாறதில்லை. சப்பாத்தும் கழட்டாமல் உள்ளுக்கு வந்து இவருக்கு முன்னாலை நிண்டாள்.

"அப்பா, ஷெஃப்புக்கு மாமாவைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"நல்லதாய்த்தான் சொன்னனான்."

"என்ன நல்லது?"

இவர் சொன்னார். பாதியிலேயே குரல் இறங்கிப்போச்சு. அவள் கதிரையிலை இருந்து முகத்தைப் பொத்தினாள். ஷெஃப் அண்டைக்குக் காலமை கூப்பிட்டு நேரடியாய்ச் சொன்னவவாம்: "நீர் மாமா ஸ்ரோரிலை வேலை எண்டு சொல்லியிருக்கிறீர். அப்பா பெரிய ஆள் எண்டுறார். நீர் வருசத்திலை ரெண்டு தரம் எண்டுறீர். அப்பா ஒவ்வொரு கிழமையும் எண்டுறார். உம்மடை வேலையைப் பற்றி அவர் விசாரிக்கிறார் எண்டும் சொன்னவர். எனக்கு உம்மிலை நம்பிக்கை இருக்கு. ஆனால் கேட்டதை நான் மேலுக்கு அறிவிக்க வேணும், அது என்ரை கடமை." ஒளிச்சுச் செய்யேல்லை, முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுத்தான் செய்தவ. அதாலை அவவைத் திட்டவும் ஏலாமல் கிடக்கு.

"நான் பொய் சொல்லேல்லை" எண்டார் இவர். "கொஞ்சம் கூட்டித்தான் சொன்னனான்."

"அப்பா, ஞாயிற்றுக்கிழமையிலை மாமா கதைக்கிறது அம்மாவோடை. என்னோடையோ?"

"நீயும் இருக்கிறனிதானே மேசையிலை."

"ஐயோ அப்பா!"

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் எண்டுவினம். இவற்றை வாய் சீனா வரைக்கும் போய்ப் பிள்ளையின்ரை வேலைக்குள்ளை வந்து விழுந்திட்டுது. நான் அண்டைக்கு இவரைப் பேசின பேச்சு இன்னொருத்தருக்கு எழுத ஏலாது. ரெலிவிசனிலை ரெண்டு சண்டியரும் கை குலுக்குறதைக் காட்டிச்சினம். இவர் எழும்பிப் போய் நிப்பாட்டினார்.

அடுத்த நாள் எங்களுக்குச் சொல்லாமல் ஷெஃப்புக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். மச்சான் பெரிய ஆள் இல்லை, ஸ்ரோரிலைதான் நிக்கிறவர், நான் புளுகினனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. ட்ராம் ஓட்டுற மனுசன், அறுபது வயசிலை, ஒரு அந்நியப் பொம்பிளையிட்டை நான் புளுகன் எண்டு சொல்லியிருக்கிறார். கோவத்துக்குள்ளையும் எனக்கு மனம் ஒரு மாதிரிப் போச்சு. மனுசி பொறுமையாய்க் கேட்டு, "நன்றி, இதையும் நான் அறிவிக்கிறன்" எண்டு சொன்னதாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சுது. இப்ப மகளின்ரை வாக்கு ஒண்டு, தேப்பன்ரை வாக்கு ரெண்டு.

மகளை விசாரணைக்குக் கூப்பிட்டவை. ரெண்டு பேர், நல்ல மரியாதையாய், கோப்பி குடுத்து, காலமை தொடங்கி மத்தியானம் தாண்டியும் கேட்டவையாம். மாமா சண்டைக்குள்ளை எங்கை நிண்டவர், முகாமிலை எவ்வளவு காலம், ஏன் சீனாக் கொம்பனிக்குப் போனவர், சீனாவிலை ஆரைச் சந்திச்சவர், கோடையிலை ஏன் வாறார், ஏன் இப்ப வாறார். முக்காவாசிக்கு அவளுக்கு மறுமொழி தெரியாது. தெரியாது எண்டு சொல்லச் சொல்லத் தான் எதையோ ஒளிக்கிறவள் மாதிரித் தனக்கே பட்டது எண்டாள். பிறகு கேட்டவையாம்: "உங்கடை மாமாவுக்கு அங்கை ஆரும் நெருக்கடி குடுத்து, உங்களிட்டை இருந்து ஒரு விசயம் எடுத்துத் தரச் சொன்னால் நீங்கள் என்ன செய்வியள்?"

"நீ என்ன சொன்னனீ?"

"குடுக்க மாட்டன் எண்டு சொன்னனான்."

"மாமாவை என்ன செய்தாலுமோ?"

"அதைத்தான் அவையும் கேட்டவை அம்மா." அவள் சோற்றைப் பிசைஞ்சபடி இருந்தாள், சாப்பிடேல்லை. "மாமாவை எனக்கு அவ்வளவு தெரியாது எண்டு சொன்னன். தோளிலை ஏத்தித் திரிஞ்சது ஞாபகம் இருக்கு. இருந்தும் அப்பிடித்தான் சொன்னன்."

எனக்கு ஆரிலை கோவப்படுறது எண்டு விளங்கேல்லை. கேட்டவையிலை ஒரு பிழையும் இல்லை, அவையின்ரை நாடு, அவை பாக்கத்தான் வேணும். எங்களுக்கும் அது நாடுதான், எங்களை ஏத்துக்கொண்ட நாடு. தம்பியிலை பிழையோ? வயித்துக்கு வேலைக்குப் போனான். மகளிலை பிழையோ? உலகத்திலை ஒருத்தன் மேலை போறான், மேலை இருந்தவன் இறங்க மாட்டன் எண்டு நிக்கிறான். அதுக்கு வெஸ்ட்லியிலை என்ரை மேசையிலை பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி எண்டு அம்மா சொல்லேக்கை நான் சிரிச்சனான்.

போகேக்கை வாசலிலை நிண்டு சொன்னாள். "மாமாவை வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை அம்மா. அது உங்கடை வீடு, உங்கடை தம்பி. ஆனால் அவர் நிக்கிற காலம் முழுக்க நான் இஞ்சை வரமாட்டன், அவரைச் சந்திக்கவும் மாட்டன். என்ன காரணம் எண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ. இந்த விசாரணையைப் பற்றி வெளியிலை கதைக்கக் கூடாது."

தம்பி வாறதே முக்காவாசி அவளைப் பாக்கத்தான். தோளிலை இருந்த பிள்ளை எஞ்சினியராய் நிக்கிறதைப் பாக்க. நான் யோசிச்சு யோசிச்சு, அவனையே இப்போதைக்கு நிப்பாட்டுவம் எண்டு முடிவெடுத்தன்.

அடுத்த ஞாயிறு அவன் எடுக்க, குளியலறை உடைச்சுத் திருத்தப் போறாங்கள், வீட்டிலை நிக்க வசதிப்படாது எண்டு சொன்னன். இஞ்சை மாடி வீடுகளிலை அப்பிடி நடக்கிறதுதான், நம்பக்கூடிய பொய்தான்.

"அக்கா, நான் கிணத்திலை குளிச்சு வளந்தவன். ஒரு குளியலறைக்காக என்னை வராதை எண்டுறியளோ?" எண்டு சிரிச்சான்.

நானும் சிரிக்கப் பாத்தன். சிரிப்பு வரேல்லை. அவன் சிரிப்பை விட்டிட்டு, "பிள்ளைக்கு ஏதும் கரைச்சலோ? என்னாலையோ?" எண்டான். சண்டைக்குள்ளாலை வந்தவனுக்கு மூக்கு அப்பிடி. மாதாவே, அவனுக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. எல்லாத்தையும் சொல்லேல்லை. பிள்ளை ஒரு முக்கியமான வேலைக்குப் போறாள், நீ நிக்கிற கொம்பனிதான் அவைக்குப் பயம் எண்டு மட்டும் சொன்னன்.

"இவ்வளவுதானே. யோசிக்காதேங்கோ அக்கா" எண்டான்.

அதுக்குப் பிறகு மூண்டு நாலு ஞாயிறு அவன் எடுக்கேல்லை. நானும் எடுக்கேல்லை. மகளுக்கு முடிவும் வரேல்லை. புது வேலையை மற்ற ஆக்களோடை தொடங்கியாச்சாம், இவளின்ரை கதிரையை மட்டும் வைச்சிருக்கினமாம். ஷெஃப் எவ்வளவு காலத்துக்கு வைச்சிருப்பா. ட்ரெயினிலை, கடையிலை, உருளைக்கிழங்கு உரிக்கேக்கை எல்லாம் எனக்கு இதே யோசினை. எங்கடை ஆக்கள் ஆரும் கண்டு "மகளுக்கு என்ன மாதிரி?" எண்டு கேட்டால் இவர் "நல்ல சுகம்" எண்டு சொல்லிப்போட்டு நடையைக் கட்டுவார். அந்த வாய்க்கு என்ன நடந்தது எண்டு சனம் என்னைக் கேட்டது.

பிறகு ஒரு ஞாயிறு மகள் வந்திருந்தாள். நண்டுக் குழம்பு வைச்சனான், அவளுக்கு விருப்பம் எண்டு. சாப்பிடத் தொடங்க ரெலிபோன் அடிச்சுது. தம்பி. என்ரை கை முழுக்க நண்டு. இவர் பழக்கதோசத்திலை ஸ்பீக்கரை அமத்தி மேசையிலை வைச்சிட்டார்.

"அக்கா!" குரலிலை அப்பிடி ஒரு சந்தோசம். "விட்டிட்டன் அக்கா. வேலையை விட்டிட்டன். நேற்றோடை கணக்கு முடிச்சாச்சு. பெரிய சீனன் ஏன் ஏன் எண்டு ரெண்டு தரம் கேட்டவன், நல்ல மனுசன், போகாதை எண்டவன். குடும்ப விசயம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். இனி ஒரு பயமும் இல்லை. இனி நான் வரலாம்தானே?"

"வேறை வேலை?" எண்டு கேட்டன்.

"அது பாப்பம் அக்கா. முதல் மருமகள்."

நான் மகளைப் பாத்தன். சந்தோசப்படுவாள் எண்டுதான் பாத்தன். அவளின்ரை முகத்திலை ரத்தம் இல்லை. ரெலிபோனுக்குக் கேக்காமல், என்ரை காதுக்குக் கிட்டக் குனிஞ்சு மெல்லமாய்ச் சொன்னாள்.

"நீங்கள் சொல்லிப்போட்டியள் என்ன. அம்மா, வேலையை விட்டதாலை ஆள் மாறுறதில்லை. என்னை விசாரிக்கினம் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்காக வேலையையும் விட்டிருக்கிறார். அவரை எனக்கு அவ்வளவு தெரியாது எண்டு சொன்னனான் அம்மா. என்னிலை இவ்வளவு பாசம் உள்ளவர் எண்டு இப்பத்தான் அவைக்கு எழுத்திலை கிடைக்கப் போகுது. அவரை வைச்சு என்னை நெருக்கலாம் எண்டுதான் நினைப்பினம். நான் இதையும் நாளைக்குப் போய்ச் சொல்ல வேணும்."

"சொல்லாட்டி?" எண்டார் இவர், வாய்க்குள்ளை.

"சொல்லாட்டி அது பொய் அப்பா."

"அக்கா?" எண்டான் தம்பி. "கேக்குதோ? ரிக்கற் பாக்கட்டோ?"

ரெண்டு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கினம், மகளும் இவரும். நான் ஸ்பீக்கரை நிப்பாட்டி, நண்டுக் கையோடையே ரெலிபோனைக் காதிலை வைச்சன்.

"இந்த வருசம் வேண்டாம் தம்பி" எண்டன்.

பின்னாலை அவன்ரை சின்னவள் எதுக்கோ சிணுங்கிறது மட்டும் கேட்டது.

"சரி அக்கா" எண்டான். "பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவன்தான் முதல் வைச்சான். ரெலிபோனை மேசையிலை வைச்சிட்டு நிமிந்தன். மகள் கையாலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டு இருந்தாள். சின்னனிலை விழுந்து போட்டு வந்து அழுற மாதிரி, தோள் ரெண்டும் குலுங்க. எழும்பிப் போய் அவளை அணைக்க வேணும் எண்டு எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் அதைச் சொன்னனான். ஆனால் நான் எழும்பேல்லை.